நறநறக்காதவை

ஓட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது.
ஓடு பொய் சொல்லும்.
அலை மோதும் பக்கம் வளர்ந்தால் மெலிந்து வாய் அகலும்,
நண்டு திரியும் பக்கம் வளர்ந்தால் தடித்துக் கூம்பும்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்
இரண்டு ஊர்க்காரர்கள்போல முகம் திருப்பி நிற்கும்.
வேறு வேறு வயிற்றுப் பிள்ளைகளோ
ஒரே அச்சு.

ரோஸ்கோஃபில் கடல் நன்றாக வற்றுகிற நாட்களில்
ஒரு பாறைக்கு நடந்தே போகலாம்.
அதன் உச்சிப் பிளவில் விரல் விட்டு எடுத்தேன்.
கொட்டைப்பாக்கில் பாதி அளவு, சாம்பல் நிறம்,
பார்த்தால் எல்லாப் பாறையிலும் இருக்கிற அதே நத்தை.

ஆய்வகத்தில் முதலில் தூங்க வைக்க வேண்டும்.
விழித்திருந்தால் உள்ளிழுத்துக்கொண்டு மூடியை அடைக்கும்.
பிறகு மேசைப்பிடியில் வைத்து ஒரு திருகு,
இன்னும் அரைத் திருகு,
டிக்.

ஆணுக்கு வலது உணர்கொம்பின் பின்னால் குறி.
விளிம்பில் ஒற்றை வரிசையாகச் சுரப்பிகள்:
பதினொன்று, பன்னிரண்டு, ஒருவனுக்கு மட்டும் ஒன்பது.
கட்டுரையில் எழுதக் கூச்சமில்லை.
கார்ஜிலிருந்து அம்மா போனில் கேட்டபோது
'ஏதோ சின்ன இலை மாதிரி' என்றேன்.

நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பார்கள்.
பெயர் தெரிந்த இனத்தின் பெண்ணைத் திறந்தால்
பை நிறையப் பிள்ளைகள்,
ஊசிமுனை அளவில், ஒன்றரைச் சுருள் ஓட்டோடு,
சிலது நகர்ந்துகொண்டு.
இந்தப் பாறைப் பெண்ணைத் திறந்தால்
பை இல்லை. பிள்ளை இல்லை.
அந்த இடத்தில் வெள்ளையாகக் கூழ்ச் சுரப்பி.
இவள் சுமப்பவள் அல்ல.
முட்டையிட்டுவிட்டுப் போகிறவள்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதினார்:
இது பருவத்தால் வரும் மாற்றமாக இருக்கலாமே?
மாதிரிகள் போதாது.
அதனால் பனியிலும் போனேன், மழையிலும் போனேன்.
நாற்பத்தொன்று நூற்றுப் பதினாறாயிற்று.
டிக். டிக்.
வீட்டில் பிஸ்தா உடைக்கவும் பிடிக்காமல் போயிற்று.

மார்ச்சில் ஒருநாள் துறைமுகக் கடையில்,
கார்க்கில் குத்திய ஊசிகளோடு
நத்தைத் தட்டு வைத்தாள் நொல்வென்.
இது பெரிய வகை, கறுப்பு, விற்பனைக்கு.
சின்னதை ஏன் யாரும் தின்பதில்லை என்று
சும்மாதான் கேட்டேன்.
'பல்லில் மணல். நறநறவென்று இருக்கும்.
அந்தத் தனிப்பாறையில் இருப்பது மட்டும் நறநறக்காது.
நானும் அண்ணனும் அங்கே போய்த்தான் பொறுக்குவோம்.'

மணல் இல்லை அது, என்றேன்.
ஓடு கட்டிய பிள்ளைகள்.

கையிலிருந்த துணியால்
துடைத்த மேசையையே இன்னொரு முறை துடைத்தாள்.
'எத்தனை தின்றிருப்பேன்' என்றாள்.
யாரோ காபிக்குக் கூப்பிட, போய்விட்டாள்.

மூன்று வருடம், ஒரு நுண்ணோக்கி, நூற்றுப் பதினாறு.
அவள் பல்லுக்கு அது பத்து வயதிலேயே தெரியும்.
'இனங்காணும் பண்புகள்' என்ற தலைப்பின் கீழ்
'மெல்லும்போது ஒலியில்லை' என்று எழுதி,
அடித்தேன்.
நன்றியில் அவள் பெயர் இருக்கிறது, ஒரு வரி,
எதற்கு என்று சொல்லாமல்.

வகைமாதிரி ஒரு பெண். உயரம் ஒன்பது மில்லிமீட்டர்.
உடைத்துத்தான் யாரென்று தெரிந்தது என்பதால்
பெயரைத் தாங்குகிறவளுக்கு ஓடு முழுசாக இல்லை.
உடல் ஒரு குப்பியில்,
நான்கு சில்லுகள் இன்னொன்றில்.
இரண்டையும் நூலால் கட்டிப் பாரிஸுக்கு அனுப்பினேன்.

இன்று காலை தொட்டியைக் கழுவப் போனேன்.
கண்ணாடியில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே,
இளஞ்சிவப்பாகக் கூழ்.
தொண்ணூற்றேழு முட்டை. திரும்ப எண்ணினால் நூற்றிரண்டு.
பக்கத்தில் அவள்,
பாதி வெளியே, ஒரு கொம்பை மட்டும் நீட்டியபடி.

மேசைப்பிடியைத் துடைத்து இழுப்பறையில் வைத்தேன்.
இவளைத் திறக்க வேண்டியதில்லை.